புராஸ்டேட் புற்றுநோயின் சிகிச்சை எதிர்ப்பும் வளர்சிதை மாற்றப் படங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புராஸ்டேட் புற்றுநோய் மருந்துக்கு அடங்காமல் போவதை, செல்களின் வளர்சிதை மாற்றத்தைக் (சத்தைப் பயன்படுத்தும் விதத்தை) காட்டும் ஸ்கேன்களால் ஆராய்கிறோம். இந்த ஆய்வில் புதிதாகச் சேரும் மாணவர்கள், ஸ்கேன் அறைத் தொழில்நுட்பர்கள், புற்றுநோய்ப் பிரிவின் இளம் மருத்துவர்கள், சில நேரங்களில் நோயாளிகளின் பிள்ளைகள் என்று பலரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே அவற்றைக் கீழே தந்திருக்கிறோம். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன.

சிகிச்சை எதிர்ப்புன்னு எதை வெச்சு சொல்றீங்க?

புராஸ்டேட் புற்றுநோய் வளர ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் தேவை. டெஸ்டோஸ்டிரோன் அந்த வகைதான். அதனால் பரவிய நோய்க்கு முதல் சிகிச்சை, டெஸ்டோஸ்டிரோனை அடக்குவது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருந்தும் நோய் முன்னேறினால் அதை ஹார்மோன் தடையை மீறிய நோய் என்கிறோம். பி.எஸ்.ஏ.வை (புராஸ்டேட் செல்கள் சுரக்கும், ரத்தத்தில் அளக்கும் புரதம்) வைத்து முன்னேற்றம் என்று சொல்ல, அது தொட்ட மிகக் குறைந்த அளவிலிருந்து 25 சதவீதமாவது ஏறியிருக்க வேண்டும். அந்த ஏற்றம் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமுக்குக் குறையக்கூடாது. மூன்று வாரமாவது கழித்து இன்னொரு முறை பார்த்து உறுதி செய்யவும் வேண்டும்.

இது எதிர்ப்பு வந்துவிட்டது என்று மட்டுமே சொல்லும், எந்த வழியில் வந்தது என்று சொல்லாது. செல்லில் ஹார்மோன் ஒட்டும் புரதமான ஆண்ட்ரோஜன் ஏற்பியின் ஜீன் பெருகியிருக்கலாம். ஹார்மோன் ஒட்டும் பகுதியே இல்லாத ஏ.ஆர்.-வி7 போன்ற குட்டை வடிவம் உருவாகி, ஹார்மோன் இல்லாமலே வேலை செய்யலாம். செல் தன் அடையாளத்தையே மாற்றிக்கொண்டு நியூரோஎண்டோக்ரைன் வகையாகியிருக்கலாம் (நரம்பு, ஹார்மோன் செல்களின் சாயல் கொண்ட வகை). மூன்றுக்கும் அடுத்த மருந்து ஒன்றல்ல. வளர்சிதை மாற்றப் படத்தின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

பி.எஸ்.ஏ. பார்த்தாலே தெரியுதே, படம் எதுக்கு?

பி.எஸ்.ஏ. உடம்பு முழுவதற்குமான ஒரே கூட்டுத்தொகை. பத்துக் கட்டிகளில் எட்டு சுருங்கி இரண்டு வளர்ந்தால் கூட்டுத்தொகை இறங்கித்தான் தெரியும், ஆனால் அந்த இரண்டில்தான் எதிர்ப்பு முளைத்திருக்கும். நியூரோஎண்டோக்ரைன் பக்கம் சாய்ந்த செல்கள் பி.எஸ்.ஏ.வை மிகக் குறைவாகவே சுரக்கும். அங்கே இறங்கும் எண்ணை நம்பவே கூடாது.

வழக்கமான எலும்பு ஸ்கேன் காட்டுவது கட்டியை அல்ல, கட்டிக்கு எலும்பு காட்டும் எதிர்வினையை. மருந்து நன்றாக வேலை செய்து எலும்பு ஆறத் தொடங்கும்போதும் புதுப் புள்ளிகள் ஒளிரும். அதனால்தான் மருத்துவ ஆய்வுகளில், முதல் மறு ஸ்கேனில் இரண்டு புதுப் புள்ளிகள் தெரிந்தாலும், அடுத்த ஸ்கேனில் மேலும் இரண்டு வந்தால்தான் முன்னேற்றம் என்று எழுதுகிறார்கள்.

எல்லாப் புற்றுநோயும் சர்க்கரையைத் தின்னும்னு படிச்சோம். அப்புறம் ஏன் எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேன்ல புராஸ்டேட் புற்றுநோய் மங்கலா இருக்கு?

எஃப்.டி.ஜி. என்பது கதிரியக்கம் ஏற்றிய, குளுக்கோஸ் போன்ற பொருள். அது சேரும் இடம் பெட் ஸ்கேனில் ஒளிரும். புராஸ்டேட்டின் இயல்பே தலைகீழானது என்பதுதான் மங்கலுக்குக் காரணம். மற்ற திசுக்கள் சிட்ரேட்டை மைட்டோகாண்ட்ரியாவில் எரித்து ஆற்றலாக்கும். இயல்பான புராஸ்டேட் செல் துத்தநாகத்தைச் சேர்த்து வைத்து, அதைக் கொண்டு அக்கோனிடேஸ் என்சைமைத் தடுத்து, சிட்ரேட்டை எரிக்காமல் விந்துத் திரவத்தில் வெளியே விடுகிறது. ஆற்றலை விலை கொடுத்துச் செய்யும் வேலை இது. புற்றாக மாறும்போது, துத்தநாகத்தை உள்ளே இழுக்கும் ஜிப்1 என்ற கடத்தி குறைகிறது. துத்தநாகம் வடிகிறது, தடை நீங்குகிறது, சிட்ரேட் எரியத் தொடங்குகிறது.

அதாவது ஆரம்ப நிலைப் புற்று, மைட்டோகாண்ட்ரியாவைத் தன் தாய்த் திசுவைவிட நன்றாகவே பயன்படுத்துகிறது. கொழுப்பு அமிலங்களையும் நன்கு உபயோகிக்கிறது. குளுக்கோஸை வாரி இழுக்க அதற்கு அவசியமில்லை. போதாக்குறைக்கு எஃப்.டி.ஜி. சிறுநீரில் வெளியேறுவதால், நிரம்பிய சிறுநீர்ப்பையின் பிரகாசம் பக்கத்திலுள்ள புராஸ்டேட்டை மூடிவிடும்.

அப்போ எஃப்.டி.ஜி.யை ஒதுக்கிடலாமா?

கூடாது. எதிர்ப்பு ஆய்வில் அதன் மதிப்பே அந்த மங்கலில்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் மங்கலாக இருந்த நோய் பின்னாளில் ஒளிர்கிறது என்றால், உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. பி.டென், டி.பி.53, ஆர்.பி.1 போன்ற காவல் ஜீன்கள் இழக்கப்பட்டு, நோய் ஆண்ட்ரோஜன் பிடியிலிருந்து விலகும்போது குளுக்கோஸ் பயன்பாடு ஏறுவது பொதுவான போக்கு.

2021-ல் வெளியான தெராபி என்ற ஆஸ்திரேலிய ஆய்வு இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. புராஸ்டேட் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் உள்ள பி.எஸ்.எம்.ஏ.வைத் தேடிப்போய் ஒட்டும் லுட்டீசியம்-177 கதிர்மருந்தை, கபாசிடாக்ஸெல் என்ற கீமோ மருந்துடன் ஒப்பிட்ட அந்த ஆய்வில், ஒவ்வொருவருக்கும் பி.எஸ்.எம்.ஏ., எஃப்.டி.ஜி. இரண்டு ஸ்கேனும் எடுத்தார்கள். எஃப்.டி.ஜி.யில் ஒளிர்ந்து பி.எஸ்.எம்.ஏ.வில் ஒளிராத கட்டி இருந்தவர்களைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் கதிர்மருந்து அந்தக் கட்டியைப் போய்ச் சேராது. பின்னர் அதே தரவில், எஃப்.டி.ஜி. ஏற்கும் கட்டியின் மொத்தக் கன அளவு 200 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு, எந்தச் சிகிச்சை பெற்றிருந்தாலும் விளைவு மோசமாகவே இருந்தது தெரிந்தது.

பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேனும் வளர்சிதை மாற்றப் படம்தானே?

கண்டிப்பாகப் பார்த்தால் இல்லை. பி.எஸ்.எம்.ஏ. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு என்சைம். ஃபோலேட்டிலிருந்து குளுட்டமேட்டை வெட்டுவது அதன் வேலை. ஆனால் ஸ்கேன் அந்த வேலையின் வேகத்தை அளப்பதில்லை, எத்தனை என்சைம் மேலே நிற்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது.

இதில் பலரும் விழும் குழி ஒன்று உண்டு. ஆண்ட்ரோஜன் ஏற்பி, பி.எஸ்.எம்.ஏ. ஜீனை அடக்கி வைக்கிறது. ஹார்மோன் தடை தொடங்கிய முதல் வாரங்களில் அந்த அடக்கம் நீங்கிப் படம் பளிச்சிடலாம். அது நோய் வளர்ந்ததன் அடையாளமல்ல. பல மாதங்கள் கழித்து, செல்கள் செத்ததாலும் ஒளி குறையலாம், பி.எஸ்.எம்.ஏ.வைக் கைவிட்ட எதிர்ப்புச் செல்கள் மட்டும் மிஞ்சியதாலும் குறையலாம். பி.எஸ்.எம்.ஏ. படம் ஒன்றை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

கோலின், அசிட்டேட், ஃப்ளூசிக்ளோவின்... எதுக்கு எது?

இவையும் பெட் ஸ்கேனுக்குச் செலுத்தும் ட்ரேசர்கள், அதாவது கதிரியக்கத் தடங்காட்டிகள். கோலின் செல் சவ்வு கட்டப்படும் வேகத்தைத் தொடுகிறது. அசிட்டேட் கொழுப்பு உற்பத்தியைத் தொடுகிறது. ஃப்ளூசிக்ளோவின் ஒரு செயற்கை அமினோ அமிலம். ஏ.எஸ்.சி.டி.2, லாட்1 என்ற கடத்திகள் வழியே உள்ளே போகிறது, சிறுநீரில் ஆரம்பத்தில் அதிகம் வராது என்பது அதன் வசதி. கார்பன்-11 ஏற்றிய கோலினுக்கும் அசிட்டேட்டுக்கும் அரை ஆயுள் 20.4 நிமிடம்தான். பக்கத்திலேயே சைக்ளோட்ரான் (கதிரியக்க அணுக்களை உண்டாக்கும் இயந்திரம்) இல்லாவிட்டால் அவற்றை நினைத்தே பார்க்க வேண்டாம்.

எஃப்.டி.எச்.டி. என்று ஒன்று உண்டு, ஃப்ளூரின்-18 ஏற்றிய டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன். அது ஆண்ட்ரோஜன் ஏற்பியில் போய் ஒட்டுகிறது. என்சலுடமைட் போன்ற மருந்து ஏற்பியை நிஜமாகவே அடைத்திருக்கிறதா என்று பார்க்க உதவும். முதல் பதிலில் சொன்ன ஏ.ஆர்.-வி7 வடிவத்தில் ஒட்டும் இடமே இல்லை என்பதால், அதை இந்த ட்ரேசர் காணாது.

ஹைப்பர்போலரைஸ்டு பைருவேட் எம்.ஆர்.ஐ.ன்னா என்ன? பெட் ஸ்கேன்ல இல்லாதது இதுல என்ன இருக்கு?

எஃப்.டி.ஜி. செல்லுக்குள் போய், ஒரே ஒரு பாஸ்பேட்டைச் சுமந்துகொண்டு அங்கேயே மாட்டிக்கொள்கிறது. அதற்கு அடுத்து குளுக்கோஸ் என்ன ஆகிறது என்று பெட் ஸ்கேனுக்குத் தெரியாது. இந்த எம்.ஆர்.ஐ.யில், குளுக்கோஸ் உடையும்போது வரும் பைருவேட்டைக் கார்பன்-13 ஏற்றி ஊசியில் போட்டு, அது லாக்டேட்டாக மாறுவதை நேரடியாகப் பார்க்கிறோம். 3 டெஸ்லாவில் கார்பன்-13 சுமார் 32.1 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும். பைருவேட் 171, லாக்டேட் 183, அலனின் 176, பைகார்பனேட் 161 பி.பி.எம். என்று ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். கதிரியக்கமும் கிடையாது.

சிக்கல், சிக்னலின் வலு. சாதாரண நிலையில் 3 டெஸ்லா காந்தத்துக்குள் பத்து லட்சம் கார்பன்-13 அணுக்கருக்களில் 2.6 அளவுக்குத்தான் நிகர ஒழுங்கு (ஒரே திசையில் அணிவகுப்பது) கிடைக்கும். அதை முன்கூட்டியே பத்தாயிரம் மடங்குக்கும் மேல் உயர்த்துவதுதான் ஹைப்பர்போலரைசேஷன். கரைசலில் இதைச் சாதிக்கும் முறை 2003-ல் வெளியானது. மனிதர்களில் முதல் ஆய்வைச் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு, 31 புராஸ்டேட் புற்றுநோயாளிகளில் நடத்தி 2013-ல் வெளியிட்டது.

அந்த ஊசியைத் தயாரிக்கிறது எப்படி? எங்க சொதப்பும்?

பைருவிக் அமிலத்தில் 15 மில்லிமோலார் அளவு டிரிட்டைல் ராடிகலை (ஜோடியில்லாத எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறு) கலந்து, 5 டெஸ்லா காந்தத்தில் சுமார் 0.8 கெல்வினுக்கு உறைய வைத்து, மைக்ரோவேவ் செலுத்துவார்கள். ராடிகலின் எலக்ட்ரானிலிருந்து ஒழுங்கு கார்பனுக்கு மெல்லக் கைமாறும். அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். பிறகு அழுத்தத்தில் சூடாக்கிய நீரைப் பாய்ச்சி நொடியில் கரைத்து, ராடிகலை வடிகட்டி, காரத்தால் அமிலத்தை நடுநிலையாக்கினால் 250 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். அளவு கிலோவுக்கு 0.43 மில்லிலிட்டர். 70 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 30 மில்லிலிட்டர். நொடிக்கு 5 மில்லிலிட்டர் வேகத்தில் ஆறு நொடியில் ஏற்றி, பின்னாலேயே 20 மில்லிலிட்டர் சலைன் தள்ளுவார்கள்.

கரைந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. வெளியே கரைசலில் தளர்வு நேரம் (ஒழுங்கு கலையும் வேகத்தின் அளவு) சுமார் 60 நொடி. அதாவது ஒரு நிமிடம் தாமதித்தால் ஒழுங்கில் 37 சதவீதம்தான் மிச்சம். உடம்புக்குள் போனதும் இன்னும் வேகமாகக் கரையும். இந்த ஒரு நிமிடத்துக்குள் பி.எச்., வெப்பநிலை, செறிவு, மிச்ச ராடிகல், போலரைசேஷன் அளவு எல்லாம் சரிபார்த்து மருந்தாளுநர் கையெழுத்திட்டாக வேண்டும். பெரும்பாலான ஊசிகள் தவறுவது இங்கேதான். வடிகட்டி அடைத்து ராடிகல் மிஞ்சினால் பாதுகாப்புப் பரிசோதனையில் தோற்பதோடு தளர்வும் வேகமாகும். காரம் கூடக் குறைய விழுந்தால் பி.எச். எல்லையைத் தாண்டும். சிரிஞ்சை எடுத்துச் செல்லும் வழியில் காந்தப் புலம் சுழியத்தைக் கடக்கும் இடம் இருந்தால், நோயாளியை அடையும் முன்பே சிக்னல் போய்விடும். அந்த வழியை முன்கூட்டியே காஸ் மீட்டரால் நடந்து அளந்து வையுங்கள்.

அடுத்த தவறு ஸ்கேனர் பக்கம். சாதாரண எம்.ஆர்.ஐ.யில் செலவான சிக்னல் திரும்ப வளரும். இங்கே செலவானது செலவானதுதான். சிக்னலைப் படிக்க ரேடியோ துடிப்பால் அணுக்கருக்களின் ஒழுங்கை ஒவ்வொரு முறையும் 30 பாகை சாய்த்தால், 20 முறைக்குப் பிறகு 6 சதவீதத்துக்கும் கீழேதான் மிச்சம். 10 பாகை சாய்த்தால் 70 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும். அதனால் பைருவேட்டைக் கொஞ்சமாகவும் லாக்டேட்டை அதிகமாகவும் சாய்க்கும் துடிப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். சாய்வுக் கோணம் நினைத்தபடி இல்லாவிட்டால் பின்னால் வரும் கணக்கு முழுவதும் தப்பும். ஆகவே கார்பன் சானலை ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்னும் யூரியா நிரப்பிய ஃபாண்டமில் (சோதனைக்கான மாதிரிக் கலம்) அளந்துகொள்ள வேண்டும்.

லாக்டேட் ஜாஸ்தின்னா எதிர்ப்புன்னு எழுதிடலாமா?

எழுதக் கூடாது. பைருவேட் லாக்டேட்டாக மாறும் வேக மாறிலியை கே-பி.எல். என்கிறோம். அந்த ஒரே எண்ணுக்குள் பல விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ரத்த ஓட்டம் எவ்வளவு பைருவேட்டைக் கொண்டுவந்தது, எம்.சி.டி.1 கடத்தி எவ்வளவை உள்ளே விட்டது, பைருவேட்டை லாக்டேட்டாக்கும் எல்.டி.எச். என்சைம் எவ்வளவு இருக்கிறது, அதற்குத் துணையான என்.ஏ.டி.எச். போதுமா, ஏற்கனவே தேங்கிய லாக்டேட் எவ்வளவு, எல்லாம் சேர்ந்ததுதான் அது. கூடவே கார்பன்-13 யூரியாவையும் செலுத்தினால், யூரியா செல்லுக்குள் போகாததால் ரத்த ஓட்டத்தின் பங்கைத் தனியே கணிக்கலாம்.

ஒரே ஒரு முறை எடுத்த கே-பி.எல். கட்டியின் தீவிரத்தைப் பற்றித்தான் பேசும். மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்று இரண்டு எண்கள் இருந்தால்தான் எதிர்ப்பைப் பற்றிப் பேசலாம். இறங்க வேண்டியது இறங்கவில்லை, அல்லது இறங்கியது மறுபடி ஏறிவிட்டது: கவனிக்க வேண்டியவை இவை.

சாதாரண புரோட்டான் ஸ்பெக்ட்ரோஸ்கோபி போதாதா? அதுக்கு ஊசியே வேண்டாமே?

திசுவிலுள்ள வேதிப்பொருள்களின் அளவை உச்சிகளாகக் காட்டும் எம்.ஆர். முறை அது. சிகிச்சை தொடங்காதவருக்கு உதவும். கோலினும் கிரியேட்டினும் சேர்ந்த உயரத்தைச் சிட்ரேட்டின் உயரத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். ஆனால் ஹார்மோன் தடை கொடுத்ததும் இயல்பான திசுவே சிட்ரேட் சுரப்பதை நிறுத்திவிடும். கீழே உள்ள எண் சுருங்கினால் விகிதம் ஏறும், நல்ல திசுவும் புற்றுப்போல் தெரியும். நீண்ட சிகிச்சைக்குப் பின் எல்லா உச்சிகளும் தரைமட்டமாகிவிடுவதும் உண்டு. எதிர்ப்பு ஆய்வுக்கு இதை முதன்மை அளவாக வைக்காதீர்கள்.

எந்த செல் லைன், எந்த எலி மாடல் எடுக்கிறது?

கேள்விக்கு ஏற்ப. செல் லைன் என்பது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் புற்றுச் செல்கள். அவற்றில் எல்.என்.கேப் ஆண்ட்ரோஜனுக்குக் கட்டுப்படும், அதிலிருந்து வந்த சி4-2 அந்தக் கட்டுப்பாட்டை மீறியது. இந்த ஜோடி ஒப்பிட வசதி. 22ஆர்வி1-ல் ஏ.ஆர்.-வி7 உண்டு. பி.சி.-3-ல் ஆண்ட்ரோஜன் ஏற்பி செயல்படுவதில்லை, பி.டென்னும் இல்லை. அதை எல்.என்.கேப்போடு ஒப்பிட்டு ‘எதிர்ப்பால் லாக்டேட் கூடியது’ என்று எழுதுவது தவறு. இரண்டும் வேறு வேறு நோயாளிகளிடமிருந்து வந்தவை. நோயாளித் திசுவிலிருந்து வளர்த்த எல்.டி.எல்.331 கட்டி, விரை நீக்கத்துக்குப் பின் சுருங்கி, பிறகு நியூரோஎண்டோக்ரைன் வடிவில் திரும்ப வருகிறது. அடையாள மாற்றத்தை ஆராய அது போன்றதே பொருத்தம்.

எலியை ஸ்கேன் செய்யும்போது அறை குளிர்ந்தால் பழுப்புக் கொழுப்பு எஃப்.டி.ஜி.யை இழுத்துக்கொள்ளும். ஐசோஃப்ளூரேன் மயக்கம் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். உடம்பை வெதுவெதுப்பாக வைத்து, பட்டினி நேரத்தையும் மயக்க நேரத்தையும் எல்லா எலிக்கும் ஒன்றாக்குங்கள். கட்டி மிகப் பெரிதாகும் வரை காத்திருந்தால் நடுப்பகுதி செத்துப்போய்ச் சராசரியைக் கெடுக்கும்.

எஸ்.யூ.வி. 20 சதவீதம் இறங்கியிருக்கு. மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லலாமா?

சொல்ல முடியாது. எஸ்.யூ.வி. என்பது, செலுத்திய அளவுக்கும் உடல் எடைக்கும் ஏற்பத் திருத்திய ட்ரேசர் ஏற்பின் எண். எந்தச் சிகிச்சையும் இல்லாமல் அதே ஆளை மறுபடி ஸ்கேன் செய்தாலும் அந்த அளவு ஆடும். பெட் ஸ்கேனில் சிகிச்சைப் பலனைக் கணிக்கும் பெர்சிஸ்ட் விதிகளில் எஃப்.டி.ஜி.க்கு, உடலின் கொழுப்பற்ற எடைக்குத் திருத்திய உச்ச அளவு 30 சதவீதமாவது இறங்க வேண்டும், அந்த இறக்கம் 0.8 அலகாவது இருக்க வேண்டும். இரண்டு ஸ்கேனிலும் ஊசிக்கும் படத்துக்கும் இடையிலான நேரம் 15 நிமிடத்துக்கு மேல் மாறக் கூடாது.

வித்தியாசம் கண்டால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். டோஸ் அளக்கும் கருவியின் கடிகாரமும் ஸ்கேனரின் கடிகாரமும் 10 நிமிடம் விலகியிருந்தால், ஃப்ளூரின்-18-க்குச் சுமார் 6 சதவீதப் பிழை வரும், காலியம்-68-க்குச் சுமார் 10, கார்பன்-11-க்கோ கிட்டத்தட்ட 29. அடுத்து ஊசி போட்ட கை: மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்திருந்தால் உடம்பெங்கும் எஸ்.யூ.வி. பொய்யாகக் குறையும். பிறகு சிரிஞ்சில் மிஞ்சியதைக் கழித்தார்களா, எடையை அன்றே எடுத்தார்களா என்று பாருங்கள். கல்லீரலின் வலப்பகுதியில் 3 சென்டிமீட்டர் உருண்டை வைத்துச் சராசரி எடுங்கள். இரண்டு ஸ்கேனுக்கும் கல்லீரலே ஒத்துப்போகவில்லை என்றால் கட்டியின் எண்ணைப் பேசிப் பயனில்லை.

மருந்துகளே படத்தைக் கெடுக்குமா?

கெடுக்கும். அபிராடெரோன் என்ற ஹார்மோன் தடை மருந்தோடு பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்துத் தருவதால் ரத்தச் சர்க்கரை ஏறலாம். டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் எஃப்.டி.ஜி.யைத் தள்ளிப்போடுவதே மேல். அவசரமாக இன்சுலின் போட்டு இறக்கினால் எஃப்.டி.ஜி. தசைக்குப் போய்விடும். சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் குடலை ஒளிரச் செய்யும், மருத்துவர் அனுமதித்தால் 48 மணி நேரம் நிறுத்தலாம். டோசிடாக்ஸெல் என்ற கீமோ மருந்தோடு வெள்ளணு ஊக்கி ஊசி போட்டிருந்தால் எலும்பு மஜ்ஜை முழுவதும் ஒளிர்ந்து, எலும்புக் கட்டிகள் அதில் கரைந்துபோகும். ஸ்டீராய்டு தொடங்கிய தேதியும் ஊக்கி போட்ட தேதியும் ஸ்கேன் படிவத்தில் இருந்தே ஆக வேண்டும்.

எப்பெப்போ ஸ்கேன் எடுக்கணும்?

மருந்துக்கு முன் ஒன்று, இதில் சமரசமே இல்லை. அது இல்லாவிட்டால் மற்றவை வெறும் படங்கள். மருந்து தொடங்கிய ஆரம்ப வாரங்களில் ஒன்று, நோய் முன்னேறியதும் ஒன்று. ஹார்மோன் தடை பெற்ற ஒரு நோயாளியில் ஆறாவது வாரமே கே-பி.எல். வெகுவாக இறங்கியதையும், அந்த நேரத்தில் வழக்கமான எம்.ஆர்.ஐ. அளவுகள் பெரிதாக மாறாததையும் 2017-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒரே நோயாளி என்பதால் அதை விதியாக்க முடியாது, ஆனால் எங்கே தேடுவது என்று காட்டுகிறது. பி.எஸ்.எம்.ஏ.வை அதே ஆறாவது வாரத்தில் எடுத்தால் மேலே சொன்ன பளிச்சிடலில் மாட்டிக்கொள்வீர்கள்.

எங்க அப்பாவுக்கு இந்தப் பைருவேட் ஸ்கேன் எடுக்க முடியுமா?

அது இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது. ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே எடுக்கப்படுகிறது, அதன் முடிவை வைத்து மருந்தை மாற்றுவதில்லை. எதிர்ப்பு சந்தேகம் இருந்தால், பி.எஸ்.எம்.ஏ.வோடு எஃப்.டி.ஜி.யும் எடுப்பதில் பலன் உண்டா என்று உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். நியாயமான கேள்வி அது, கேட்கத் தயங்க வேண்டாம்.

படம் இவ்வளவு சொல்லும்போது பயாப்சி எதுக்கு?

படம் இடத்தைக் காட்டும், காரணத்தைத் திசுதான் சொல்லும். ஒளிர்ந்த கட்டியிலும் ஒளிராத கட்டியிலும், முடிந்தால் இரண்டிலும், ஊசி போக வேண்டும். எளிதாக எட்டும் கட்டியை மட்டும் குத்தினால் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

எலும்பு பயாப்சியில் கவனம் தேவை. கடும் அமிலத்தில் சுண்ணாம்பை நீக்கினால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். ஈ.டி.டி.ஏ. மெதுவானது, ஆனால் காப்பாற்றும். லாக்டேட் அளக்கப் போகும் துண்டை எடுத்த உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள். ரத்த ஓட்டம் நின்ற திசு, மேசைமேல் இருக்கும்போதே லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கும். எடுத்த நேரம், உறைந்த நேரம் இரண்டையும் குழாயிலேயே எழுதுங்கள்.

ஒரு கட்டி மங்குது, பக்கத்துக் கட்டி ஒளிருது. மொத்தத்துல என்னன்னு எழுதுறது?

மொத்தமாக எழுதாதீர்கள். கட்டிக்குக் கட்டி எண் கொடுத்து, ஒவ்வொன்றின் முன்பின் அளவையும் தனி வரியில் எழுதுங்கள். சராசரி எடுத்தால் நீங்கள் தேடும் எதிர்ப்பே அதில் மறைந்துபோகும். மங்கிய கட்டி சிறியதாகவும் ஆகியிருந்தால் இன்னொரு எச்சரிக்கை: பெட் கருவியின் பிரிதிறன் 4 முதல் 6 மில்லிமீட்டர். அந்த அளவை நெருங்கும் கட்டி, ஏற்பு மாறாமலேயே மங்கலாகத் தெரியும்.

லாக்டேட் ஏறினதால எதிர்ப்பு வந்துச்சா, எதிர்ப்பு வந்ததால லாக்டேட் ஏறுச்சா?

இத்தனை கேள்விகளில் மிகக் கடினமானது இதுதான். எந்தப் படமும் தனியாக இதற்குப் பதில் சொல்லாது. எதிர்ப்புச் செல்லில் எல்.டி.எச்.ஏ.வை (மேலே சொன்ன எல்.டி.எச். என்சைமின் ஒரு வடிவம்) அடக்கிப் பாருங்கள். என்சலுடமைட் மறுபடி வேலை செய்தால் அந்தப் பாதைக்கு எதிர்ப்பில் பங்கு உண்டு. லாக்டேட் இறங்கியும் செல் மருந்தை அலட்சியம் செய்தால், அது கூட வந்த அடையாளம் மட்டுமே. மாற்றுப் பாதைகளும் இருக்கின்றன: குளுக்கோஸை அடைத்தால் செல் குளுட்டமினுக்கோ கொழுப்பு அமிலத்துக்கோ தாவும். எனவே தடுத்த பிறகும் கார்பன்-13 குளுக்கோஸ், கார்பன்-13 குளுட்டமின் இரண்டையும் தனித்தனியே கொடுத்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கார்பன் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள்.

மருந்தை நிறுத்திப் பார்ப்பதும் உதவும். சில வாரங்களில் கே-பி.எல். பழைய நிலைக்குத் திரும்பினால் செல் தற்காலிகமாகத் தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. திரும்பவே இல்லை என்றால், ஆர்.பி.1, டி.பி.53 இழப்பு போன்ற நிரந்தர மாற்றம் இருக்கிறதா என்று அந்தத் திசுவின் டி.என்.ஏ.வை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும்.